ஒரே தராசு: குடியேற்ற வாதங்களை எடைபோடும் முறை



நம் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் சென்ற மாதம் மாணவர்கள் தாங்களே ஒரு பட்டிமன்றத் தலைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். "சட்டவிரோதமாகக் குடியேறியவர்களை நாட்டைவிட்டு வெளியேற்ற வேண்டுமா, வேண்டாமா?" என்பது தலைப்பு. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு மாணவர் "வெளியேற்றத்தான் வேண்டும்" என்ற அணியில் வெகு நன்றாகப் பேசினார். "சட்டம் எல்லோருக்கும் பொது. விசா இல்லாமல் வந்தவர் என்ன காரணம் சொன்னாலும் போக வேண்டியவரே" என்று மேசையைத் தட்டினார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று.

காபி இடைவேளைக்குப் பிறகு பேச்சு இலங்கைத் தமிழர் பக்கம் திரும்பியது. அதே மாணவர் எழுந்து, "நாற்பது வருடமாக முகாமில் இருக்கிறார்கள். இன்னும் குடியுரிமை கொடுக்காதது அநியாயம்" என்றார். அதற்கும் கைதட்டல். தட்டியவர்களில் நானும் ஒருவன்.

பின்வரிசையில் இருந்த பத்தாம் வகுப்பு மாணவி மட்டும், "அண்ணா, அவர்களிடமும் விசா இல்லையே?" என்று கேட்டாள். அவருக்குப் பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் வரவில்லை. இந்த மாதப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

அந்த மாணவர் கூறிய இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்கக்கூடும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு என்ன என்று அவர் எடுத்துச் சொல்ல வேண்டும். "இவர்கள் நம்மவர், அவர்கள் பிறர்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாவிட்டால், நம்மிடம் பாசம் இருக்கிறது, வாதம் இல்லை என்று பொருள். அதனால் இந்த விவாதத்தில் யார் பேசினாலும், எந்தப் பக்கம் பேசினாலும், கேட்டுப் பார்க்க வேண்டிய ஐந்து கேள்விகளைக் கீழே தருகிறேன்.

சொற்களைப் பிரித்தறிவோம்

கேள்விகளுக்கு முன் நான்கு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

குடிபெயர்ந்தவர்: வேலூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ பெங்களூருக்கு வந்த நம்மைப் போன்றவர்கள். நாட்டின் எப்பகுதிக்கும் போகவும் அங்கே குடியிருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது.

சட்டவிரோதக் குடியேறி: 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் செய்த திருத்தம் இச்சொல்லுக்கு விளக்கம் தந்தது. செல்லத்தக்க பாஸ்போர்ட் முதலிய பயண ஆவணம் இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவரும், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிவிட்ட வெளிநாட்டவரும் இதில் அடங்குவர்.

அகதி: உயிருக்கோ மானத்துக்கோ அஞ்சித் தன் நாட்டைவிட்டு ஓடி வந்தவர். 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. ஆகவே நாம் பேச்சிலே அகதி என்று அழைப்பவர், சட்டப் புத்தகத்திலே சட்டவிரோதக் குடியேறியாக இருக்கலாம்.

நாடற்றவர்: எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்றுக்கொள்ளாதவர்.

பட்டிமன்றத்தில் பாதிச் சண்டை இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பியதால் வந்தது.

முதற் கேள்வி: உள்ள சட்டத்தைச் சொல்கிறாரா, வேண்டிய சட்டத்தைச் சொல்கிறாரா?

"சட்டம் சட்டம்தான்" என்பது பலமான வாதம். எல்லையும் அதைக் காக்கும் விதியும் இல்லாத நாடு எங்கும் இல்லை. வரிசையில் நின்று, ஆவணம் கொடுத்து வருபவருக்கு இழைக்கும் அநீதியாகவும் விதிமீறல் அமைகிறது. இதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் இந்த வாதம் இன்று சட்டம் என்ன என்பதைத்தான் சொல்லும். அந்தச் சட்டம் சரியா என்பதைச் சொல்லாது.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஆவணமின்றி வந்த இலங்கைத் தம்பதிக்கு மண்டபம் முகாமில் இரண்டு பிள்ளைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். மூத்தவள் 1986இல் பிறந்தாள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் குடிமகன் என்பது சட்டம். எனவே அவள் இந்தியக் குடிமகள். இளையவன் 1990இல் பிறந்தான். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அவன் வெளிநாட்டவன். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. தாய் இந்தியராக இருந்தாலும், தந்தை சட்டவிரோதக் குடியேறியானால் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. ஒரே தாய் வயிற்றில், ஒரே முகாமில் பிறந்த இருவரைப் பிரிப்பது நாட்காட்டியில் உள்ள ஒரு தேதி. தேதிகள் தேவைதான், எங்கேனும் ஒரு கோடு கிழித்தாக வேண்டும். ஆனால் அந்தத் தேதியைக் காட்டி, "பார், தம்பி எவ்வளவு ஒழுங்கில்லாதவன்" என்று குணம் பேச முடியாது.

சட்டமே ஆளை வெளியே தள்ளுவதும் உண்டு. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் லட்சக்கணக்கானோரை ஒரே வீச்சில் நாடற்றவராக்கியது. அவர்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை. பிறகு 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டன.

எதிர் அணியும் இங்கே ஒரு பிழை செய்தது. "சட்டம் சில சமயம் அநியாயமாக இருந்திருக்கிறது, ஆகவே குடியேற்றச் சட்டமே வேண்டாம்" என்றார்கள். ஒரு சட்டம் தவறு என்பதிலிருந்து எல்லாச் சட்டமும் தவறு என்ற முடிவு வராது.

இரண்டாம் கேள்வி: உவமை எவ்வளவு தூரம் பொருந்தும்?

"நாடு என்ன சத்திரமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்த உவமை எளிதில் மனத்தில் ஒட்டும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே இந்தக் கருத்தைச் சொன்னது. தண்டனைக் காலத்துக்குப் பின் தம்மை நாடு கடத்தக் கூடாதென்று ஓர் இலங்கைத் தமிழர் கேட்ட வழக்கில், 140 கோடி மக்களோடு திணறும் இந்தியா உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ளும் தர்மசாலை அன்று என்று நீதிபதிகள் குறிப்பிட்டனர்.

உவமையில் உண்மை உண்டு. சத்திரத்துக்கும் அறைகள் இவ்வளவு என்ற கணக்கு இருக்கிறது. ஆனால் உவமை சொன்னவரிடம் அடுத்தபடி, எத்தனை பேர், எத்தனை அறை என்று கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் தந்த கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 இலங்கைத் தமிழரும், முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு 34,087 பேரும் இருந்தனர். 140 கோடி என்ற எண்ணின் பக்கத்தில் வைத்தால், "இடமில்லை" என்ற காரணம் இவர்கள் விஷயத்தில் மெலிகிறது. வேறு காரணம் இருக்கலாம். அதை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

"விருந்தினரைத் துரத்தலாமா?" என்று எதிர் அணி கேட்டதும் உவமைதான். விருந்தினர் அழைத்து வருபவர். சில நாளில் திரும்புபவர். இந்த உவமையும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

மூன்றாம் கேள்வி: எண் எங்கிருந்து வந்தது?

"வங்கதேசத்தவர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்" என்று மேடையில் சொன்னார்கள். 2004 ஜூலையில் மத்திய அமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில் 1 கோடியே 20 லட்சம் என்றார். சில நாளிலேயே அந்தக் கணக்கு நம்பத்தக்கதன்று என்று அரசே பின்வாங்கியது. 2016 நவம்பரில் மற்றோர் அமைச்சர் ஏறக்குறைய 2 கோடி என்றார். கணக்குக்குத் தப்பி வாழ்பவரை எண்ணுவது இயல்பாகவே கடினம். அதனால் பெரிய எண்ணானாலும் சிறிய எண்ணானாலும், எப்படி எண்ணினீர்கள் என்று கேட்பது அவசியம்.

ஆள் ஆளாக ஆவணம் பார்த்துக் கணக்கெடுத்த ஒரே மாநிலம் அசாம். 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில், விண்ணப்பித்த 3 கோடியே 30 லட்சம் பேரில் 19,06,657 பேர் விடுபட்டனர். "19 லட்சம் வெளிநாட்டவர் பிடிபட்டனர்" என்றது ஒரு தரப்பு. "19 லட்சம் இந்தியர் நாடிழந்தனர்" என்றது மறு தரப்பு. இரண்டும் சான்றைத் தாண்டிய கூற்று. விடுபட்டவர் வெளிநாட்டவர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அங்கே தீர்ப்பாகும்வரை அவர் விடுபட்டவர், அவ்வளவே.

நான்காம் கேள்வி: ஆளை மாற்றிப் போட்டால் வாதம் நிற்கிறதா?

இதுதான் இந்தப் பாடத்தின் நடுக்கேள்வி. வாக்கியத்தில் உள்ள பெயரை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள்.

"அவர்கள் வந்து நம் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறார்கள். குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறார்கள். நம் மொழியைக் கற்பதில்லை. ஒரே இடத்தில் கூட்டமாகக் குடியேறுகிறார்கள்." வங்காளிகளைப் பற்றி நம் மாணவர் சொன்னவை இவை. இதே வாக்கியங்களை இந்த ஊரில் நம்மைப் பற்றிக் கேட்டதில்லையா? 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது எதைக் கேட்டோம் என்பதைப் பெரியவர்கள் வீட்டில் சொல்வார்கள். கன்னடர்க்கு வேலையில் முன்னுரிமை கேட்ட சரோஜினி மகிஷி குழுவின் அறிக்கை 1986இல் வந்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பணியில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூராருக்கு ஒதுக்கும் மசோதாவுக்கு 2024 ஜூலையில் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்து, எதிர்ப்பு வந்தபின் நிறுத்தி வைத்தது.

இந்தச் சோதனையால் நமக்கு இரண்டு தெரிகிறது. ஒன்று, வேலை, மொழி, கூட்டம் பற்றிய வாதங்கள் சட்டவிரோதத்தைப் பற்றியவை அல்ல, புதியவரைப் பற்றியவை. சட்டப்படி வந்தவர் மீதும் அவை அப்படியே பாயும். நமக்கும் அவர்களுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு குடியுரிமை ஒன்றே. வாதிடுபவர் அதன்மேல் நின்று வாதிடட்டும். மற்றொன்று, மண்ணின் மக்களின் அச்சத்தை ஏளனம் செய்யவும் நமக்கு உரிமையில்லை. தம் மொழி தம் மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடுமோ என்ற அச்சத்தில்தான் அசாம் மாணவர்கள் 1979 முதல் ஆறாண்டுகள் போராடினார்கள். மொழிக்காகப் போராடிய வரலாறு உடைய நமக்கு அந்த அச்சம் புரியாததல்ல.

வளைகுடா நாடுகளில் உள்ள நம் உறவினரை வைத்தும் இதே சோதனையைச் செய்யலாம். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டதாலோ, விசா முடிந்தும் கடன் தீராததாலோ அங்கே தங்கிவிட்டவர்கள் பல குடும்பங்களில் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2018இலும் 2024இலும் பொதுமன்னிப்பு அறிவித்தபோது எத்தனை வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்! ஆவணமில்லாத தொழிலாளி கூலி குறைந்தாலும் புகார் கொடுக்க மாட்டார். அந்தப் பயத்தில் லாபம் காண்பவர் வேலை கொடுப்பவரே. வெளியேற்று என்பவரும் வேண்டாம் என்பவரும் இந்த ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பேசினால் விவாதம் உருப்படும்.

ஐந்தாம் கேள்வி: யார், எதைக் கொண்டு நிரூபிப்பது?

இங்கே என் சொந்தப் பிழையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் காலி மனையில் தகரக் கொட்டகை போட்டுக் குப்பை பிரித்து விற்கும் சில குடும்பங்கள் இருந்தன. "எல்லோரும் வங்கதேசத்தவர், அப்புறப்படுத்த வேண்டும்" என்று ஒரு மனு வந்தது. காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் கொட்டகைகள் இல்லை. பிறகொரு நாள் அவர்களில் ஒருவர் மளிகைக் கடையில் பாக்கி கொடுக்க வந்திருந்தார். ராய்ச்சூர்க்காரராம். முப்பது வருடம் இங்கிருந்தும் எனக்கு வராத கன்னடம் அவர் வாயில் சரளமாக வந்தது.

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமன்று. 2020 ஜனவரியில் பெல்லந்தூரை அடுத்த கரியம்மன அக்ரஹாரத்தில் சட்டவிரோத வங்கதேசத்தவர் இருப்பதாகச் சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட குடிசைகளை இடித்தார்கள். அங்கிருந்தவர்களில் பலர் வட கர்நாடகத்தையும் அசாம், திரிபுரா போன்ற மாநிலங்களையும் சேர்ந்த இந்தியர்கள். அந்த வெளியேற்றம் சட்டத்துக்குப் புறம்பானது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதம் கண்டது. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: 2019 அக்டோபரில் வங்கதேசத்தவர் என்று சுமார் 60 பேரைப் பெங்களூர்ப் போலீசார் பிடித்ததும் நடந்ததே. "ஒருவருமே இல்லை" என்பதும் வாதமாகாது.

வெளிநாட்டவரா என்ற ஐயம் எழுந்தால், தாம் இந்தியர் என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்த நபருடையதே என்றது 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம். அதன் இடத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டமும் அப்படியே வைத்திருக்கிறது. எல்லை தாண்டி வந்ததை அரசு நிரூபிப்பது கடினம் என்பது இதற்கான நியாயம். அந்த நியாயத்தை ஏற்றுக்கொள்பவரும் ஒன்றை யோசிக்க வேண்டும். சந்தேகம் எதிலிருந்து எழ வேண்டும்? வங்காளி பேசுபவர் முர்ஷிதாபாத்காரராகவும் இருக்கலாம், ராஜ்சாஹிக்காரராகவும் இருக்கலாம். தமிழ் பேசுபவர் யாழ்ப்பாணமா, திருச்சியா என்று பிற மாநிலக் காவலர் காதால் கண்டுபிடிக்க முடியுமா? மொழியும் உடையும் சான்று ஆகா.

அந்த மாணவருக்கு என்ன பதில்?

இப்போது முதலில் வந்த கேள்விக்குத் திரும்புவோம். இலங்கைத் தமிழர்க்காக "நம்மவர்" என்ற சொல்லே இல்லாமல் வாதிட முடியுமா? முடியும். 1983 முதல் போருக்கு அஞ்சி வந்தவர்கள் அவர்கள். ஒளிந்து வாழவில்லை, அரசே பதிவு செய்து, முகாமில் வைத்து, உதவித்தொகை தந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு ஊர் தெரியாது. அவர்களில் மலையகத்தார்க்கு 1964 ஒப்பந்தத்தின் கடமை பாக்கியும் உண்டு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. தண்டனை இல்லை என்பது குடியுரிமை ஆகிவிடாது. இருந்தாலும் அரசும் இந்தக் காரணங்களில் சிலவற்றை ஏற்றதாகக் கொள்ளலாம்.

ஆனால் காரணத்தைச் சொன்னபின் அதன் விலையையும் கொடுக்க வேண்டும். இதே காரணங்கள் பொருந்தும் வேறு எவரும், அவர் சக்மாவானாலும் திபெத்தியரானாலும் ரோஹிங்கியாவானாலும், அதே தராசில் ஏற உரிமை உடையவர். அருணாசலப் பிரதேசத்துச் சக்மாக்களின் உயிரைக் காக்க 1996இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 21ஆவது பிரிவின் பாதுகாப்பு குடிமகனுக்கு மட்டுமன்றி எந்த மனிதருக்கும் உண்டு என்றது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் இப்படியே நிறுக்க வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் ஆறு மதத்தாருக்கு அது வழி திறந்தது. அங்கே மதத்தால் துன்புறும் சிறுபான்மையினருக்கு என்பது அரசின் விளக்கம். துன்பம்தான் அளவுகோல் என்றால் இலங்கைத் தமிழரும் மற்ற மதத்தாரும் ஏன் விடுபட்டனர் என்பது எதிர்ப்பவர் கேள்வி. எந்தப் பக்கம் நின்றாலும், விதியைச் சொல்லுங்கள், பிறகு அதை எல்லோருக்கும் பொருத்திப் பாருங்கள்.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அந்தப் பத்தாம் வகுப்பு மாணவி என்னிடம் வந்தாள். அவள் பாட்டி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தவராம். "பாட்டியை அங்கே கள்ளத்தோணி என்றார்களாம் சார். இங்கே வந்ததும் சிலோன்காரி என்றார்களாம். இரண்டு ஊரிலும் ரேஷன் கார்டு வைத்திருந்தாராம்" என்றாள். பட்டிமன்றத்தில் இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னால் எல்லோரும் பாவம் என்பார்கள். கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்கள்" என்றாள்.

வீட்டில் சேர்ந்து செய்ய வேண்டிய பயிற்சி

1. இந்த வாரச் செய்தித்தாளில் குடியேற்றம் பற்றிய ஒரு செய்தியை எடுங்கள். குடிபெயர்ந்தவர், சட்டவிரோதக் குடியேறி, அகதி, நாடற்றவர் ஆகிய நான்கில் எது சரியான சொல்? செய்தியில் எதைப் போட்டிருக்கிறார்கள்?

2. நீங்கள் உறுதியாக நம்பும் ஒரு வாதத்தை எழுதி, ஆளின் பெயரை மாற்றிப் படியுங்கள். இன்னும் நம்புகிறீர்களா?

3. உங்கள் பாட்டனார் இந்தியர் என்பதற்கு வீட்டில் உள்ள ஆவணங்களைத் தேடிப் பட்டியலிடுங்கள். எத்தனை கிடைத்தன? பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா?

4. "வெளியேற்ற வேண்டும்", "வேண்டாம்" என்ற இரு அணிக்கும் அவரவர் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு மிகப் பலமான ஒரு காரணத்தை எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு விடைகளை எழுதிக்கொண்டு வாருங்கள். பெற்றோரும் வரலாம். மூன்றாம் பயிற்சியை நானும் செய்தேன். என் பாட்டனார் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்தது.